மிதந்த காரும் படகுக்காரர் செய்த வைத்தியமும்

2023 டிசம்பர் 4, காலை ஐந்தரை மணி இருக்கும். மிக்ஜாம் புயல் மழை முந்தின நாளிலிருந்து விடவே இல்லை, கரண்ட் ராத்திரியே போய்விட்டது, மடிப்பாக்கத்தில் எங்கள் தெரு எங்கே முடிகிறது வாசல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்குத் தண்ணீர். மாடி ஜன்னலிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்த என் மனைவி, "என்னங்க, கார் நகருதுங்க" என்றாள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்த கார் எப்படி நகரும் என்று எட்டிப் பார்த்தால், நகர்ந்துகொண்டுதான் இருந்தது. உறை போர்த்தியபடியே, எஞ்சின் இருக்கிற முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கிக்கொண்டு, மெதுவாக அரைவட்டம் சுற்றி, மூக்கைக் கொண்டுபோய் கேட் தூணில் இடித்தது. தெருவில் ஒரு டிராக்டரோ லாரியோ போய் அலை வரும்போதெல்லாம் மறுபடி இடித்தது. அந்தச் சத்தம் இரும்பு இடிக்கிற சத்தம் இல்லை, காலியான பிளாஸ்டிக் டிரம்மைத் தட்டுவது போல ஒரு சத்தம். மாடியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்தக் கார் ஒரு சான் ஸ்டார்ம். பலருக்குத் தெரியாது. கோவாவில் சான் மோட்டார்ஸ் செய்த இரண்டு சீட் கார், துணிக்கூரை, உடம்பு முழுக்க ஃபைபர், அதாவது கண்ணாடி நாரைப் பசையில் ஊறவைத்து இறுக்கியது. எஞ்சின் ரெனோவின் 1149 சிசி பெட்ரோல், 60 குதிரைத்திறன். ரெனோ ட்விங்கோ, க்ளியோவிலெல்லாம் வந்த அதே டி7எஃப் எஞ்சின்தான். 60 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூரையை மடித்துப் போட்டுவிட்டு விடியற்காலையில் ஈசிஆரில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் அந்தக் கேள்வி வராது. 2018-ல் கோயம்புத்தூரில் ஒருவரிடமிருந்து வாங்கினேன். எண்ணிக்கையில் மிகக் கொஞ்சமே செய்த வண்டி, இப்போது கம்பெனியிலிருந்து ஒரு பாகமும் கிடைக்காது, அதனால் ஒரு கீறல் விழுந்தாலும் அது என் கையால் சரியாக வேண்டியதுதான். இந்த ஏழு வருஷத்தில் மழை, வெயில், தென்னை மரம், தீபாவளி ராக்கெட், எலி என்று ஒவ்வொன்றிடமிருந்தும் இதைக் காப்பாற்ற என்ன செய்தேன், எது தப்பாகப் போனது என்பதை எழுதி வைக்கிறேன். துணிக்கூரை காரோ ஃபைபர் பாகங்கள் உள்ள காரோ வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

முதல் தப்பு, உறை. வாங்கி வந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால், ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று நீலத் தார்ப்பாய் வாங்கி நாலு பக்கமும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். மூன்று வாரம் கழித்து ஒரு வெயில் நாளில் அவிழ்த்தால் உள்ளே சீட் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை, ஸ்டீயரிங்கில்கூட. கூரையின் உள்பக்கத்துணியில் கறுப்புப் புள்ளிகள். மழைத்தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. தரையிலிருந்து கிளம்பிய ஈரம் மேலே போக வழியில்லாமல் தார்ப்பாய்க்குள்ளேயே நின்று, பகலில் ஆவியாகி, ராத்திரியில் வியர்த்து, மறுபடி காரின் மேலேயே இறங்கியிருக்கிறது. வினிகரும் தண்ணீரும் பாதிப்பாதி கலந்து துடைத்து, சீட்டைக் கழற்றி மொட்டை மாடியில் இரண்டு நாள் காயவைத்து அந்த நாற்றம் போவதற்கு ஒரு மாதம் ஆயிற்று. கறுப்புப் புள்ளிகள் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அதற்குப் பிறகு தார்ப்பாயைத் தொடவில்லை. இப்போது போடுவது உள்பக்கம் பஞ்சுபோல மெத்தென்று இருக்கும் துணி உறை, காற்று போகும். அது முழுசாகத் தண்ணீரைத் தடுக்காது, தடுக்கவும் வேண்டாம், நனைந்தால் சீக்கிரம் காய்ந்தால் போதும். முக்கியமான விஷயம், தூசி படிந்த கார் மேல் உறையைப் போடாதீர்கள். காற்றில் உறை படபடவென்று அடிக்கும்போது அந்தத் தூசி உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். எங்கள் காரின் வலது முன்பக்க மட்கார்டில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பே போய்விட்டது அப்படித்தான். மழை வராது என்று தெரிந்த நாட்களில் உறையை எடுத்துவிட்டு, கண்ணாடியை ஒரு விரல் இறக்கி வைக்கிறேன். உள்ளே ஒரு மண்சட்டியில் அடுப்புக்கரி. கரியை மாதம் ஒரு தடவை வெயிலில் காயவைத்து மறுபடி வைக்கலாம்.

அப்புறம் கூரை. ரெக்சின் கூரையில் தண்ணீர் வந்தால் எல்லோரும் துணியில் ஓட்டை தேடுவார்கள். பெரும்பாலும் துணியில் இருக்காது. இரண்டு இடம்தான்: தையல், பீடிங் (கதவு, கூரை ஓரங்களில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் பட்டை). தையல் நூல் வெயிலில் இற்றுப்போய், ஊசி போன துளை வழியாக ஒழுகும். அதற்குக் கூடாரத் தையலுக்குப் பூசும் சீலன்ட்டை உள்பக்கமாக ஒரு மெல்லிய தூரிகையால் தடவினேன், இரண்டு பூச்சு. வெளியே பூசினால் வெயிலில் உரிந்து வரும். பீடிங்கைச் சோதிக்க ஒரு எளிய வழி. செய்தித்தாளைக் கிழித்து இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டைகளாக எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு பட்டையைக் கதவுக்கும் பீடிங்குக்கும் நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி, இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டு வந்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது. கதவைச் சுற்றி, முன்கண்ணாடிச் சட்டத்தின் மேலே கூரை வந்து உட்காரும் இடத்தைச் சுற்றி, ஒரு சாண் விட்டு ஒரு சாண் இப்படிப் பார்த்துச் சாக்பீஸில் குறித்தேன். எனக்கு ஒன்பது இடம் வழுக்கியது. இந்தக் காருக்கு என்று பீடிங் கிடைக்காது, பழைய ரப்பரில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு ஜி.பி. ரோட்டில் கடை கடையாக வைத்துப் பார்த்து, வேறொரு காரின் டிக்கி பீடிங் அச்சாகப் பொருந்தியது. பழையதன் குறுக்குவெட்டைக் கையில் கொண்டு போகாமல் பெயரைச் சொல்லிக் கேட்டால் அரை நாள் வீண்.

பின்பக்கப் பிளாஸ்டிக் கண்ணாடி தனிக்கதை. வெயிலில் மஞ்சளாகி முறுகிவிடும். கூரையை மடிக்கும்போது நடுவில் ஒரு பழைய துவாலையை வைத்து மடித்தால் மடிப்பில் கீறல் விழாது. காலை வெயில் கொஞ்சம் பட்டு இளகின பிறகுதான் மடிக்கிறேன்.

இதெல்லாம் செய்து 2019-க்குள் கார் உள்ளே ஒரு சொட்டு வராத அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நல்ல திருப்தி. கதவுக்கடியிலிருந்த சின்னச் சின்ன இடைவெளி, வயர் போகும் துளை என்று ஒன்று விடாமல் அடைத்தேன். அதுதான் பின்னால் காரை மிதக்க வைத்தது என்பதை அப்போது எப்படி நினைத்துப் பார்ப்பேன்!

அதற்கு நடுவில் தென்னை. பக்கத்து வீட்டு மரம், சாய்ந்து எங்கள் போர்டிகோவின் விளிம்புக்கு மேலே நிற்கிறது. 2020 ஜூலையில் காற்றே இல்லாத ஒரு மத்தியானம் காய்ந்த மட்டை ஒன்று அடிப்பக்கம் கீழாக பானட்டில் வந்து விழுந்தது. தகர பானட்டாக இருந்தால் நசுங்கியிருக்கும், பார்த்தவுடன் தெரியும். ஃபைபர் நசுங்காது. வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்ப நிமிர்ந்துவிடும், ஆனால் மேலே இருக்கிற பெயின்ட்டும், அதற்கு அடியில் நாரை மூடியிருக்கும் வழவழப்பான பூச்சான ஜெல்கோட்டும் அந்த அளவுக்கு வளையாது, அதனால் விழுந்த இடத்தைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி மெல்லிய கோடுகள் விழும். எனக்கு ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு மையம், அதிலிருந்து ஏழெட்டுக் கோடுகள். பெயின்ட் கடை ஒன்றில் கொடுத்தேன். தேய்த்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துக் கண்ணாடி மாதிரி கொடுத்தார்கள். மூன்றே வாரம், அதே கோடுகள் அதே இடத்தில் மேலே வந்துவிட்டன. அப்போது காரணம் தெரியவில்லை. மறுபடி கொடுத்தேன், மறுபடி வந்தது.

மரத்துக்காரரிடம் பேசி, மரம் ஏறுபவரை 45 நாளுக்கு ஒரு முறை வரவைத்துக் காயையும் காய்ந்த மட்டையையும் இறக்க ஏற்பாடு செய்தேன், கூலி என்னுடையது. அதுவே பாதிப் பாதுகாப்பு. மீதிப் பாதிக்கு என்ன செய்தேன் என்பது காசிமேட்டுக்குப் போன பிறகு வருகிறது.

இப்போது வெள்ளத்துக்குத் திரும்புகிறேன். தண்ணீர் வடிய இரண்டு நாளுக்கு மேல் ஆயிற்று. வெள்ளத்தில் நின்ற எந்தக் காருக்கும் இது பொருந்தும், தயவுசெய்து சாவியைப் போட்டுப் பார்க்காதீர்கள். காற்று ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதோடு, சொந்த வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியில் வெள்ளத்தால் வந்த சேதத்தைத் தருவார்கள், வெள்ளத்தில் ஸ்டார்ட் செய்ததால் போன எஞ்சினைத் தரமாட்டார்கள். அதற்கு எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் வேண்டும், பழைய வண்டிக்கு அது லேசில் கிடைப்பதில்லை.

மழை எச்சரிக்கை வந்த அன்றே பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றிவிட்டிருந்தேன், அது பெரிய உதவி. சேற்றுக்கோடு காரின் வெளிப்பக்கத்தில் தெளிவாகத் தெரிந்தது, ஃபில்டர் பெட்டி அதற்கு ஒரு சாண் மேலே, தாள் காய்ந்தே இருந்தது. இருந்தாலும் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றினேன். தடை இல்லை, பிளக் துளையிலிருந்து தண்ணீரும் வரவில்லை. எஞ்சின் ஆயில் குச்சியில் பார்த்தபோது நிறம் சரியாகவே இருந்தது. தண்ணீர் கலந்திருந்தால் பால் ஊற்றிய காப்பி மாதிரி இருக்கும். கியர் பாக்ஸில் காற்று போகும் சின்ன வழி ஒன்று உண்டு, அது தண்ணீருக்குள் நின்றதால் கியர் ஆயிலை யோசிக்காமல் மாற்றினேன். வடித்ததில் கடைசியாக லேசாகக் கலங்கல் வந்தது, மாற்றியது நல்லதாயிற்று. பின்பக்க டிரம்மைத் திறந்தால் உள்ளே வண்டல். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி ஆர்மேச்சர் கடையில் கொடுத்துத் திறந்து காயவைத்தோம். தண்ணீர் பட்ட வயர் கனெக்டர் ஒவ்வொன்றையும் பிரித்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்து, டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவி மாட்டினேன். இது இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை, சலிப்பான வேலைதான், ஆனால் செய்யாவிட்டால் ஆறு மாசம் கழித்துப் பச்சைப் பூத்து, ஓடிக்கொண்டிருக்கும் வண்டி காரணமில்லாமல் நிற்கும்.

எஞ்சின் பிழைத்துவிட்டது. முகம்தான் போய்விட்டது. முன் பம்பரும் அதற்கு மேலே மூக்கும் சேர்கிற இடத்தில் முழங்கை நீளத்துக்கு விரிசல், அதைச் சுற்றி நட்சத்திரக் கோடுகள், ஒரு மூலையில் கண்ணாடி நார் வெளியே வந்து கதர்த் துணி கிழிந்த மாதிரி தொங்கியது. சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்துவிட்டு, ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவீதம் தேய்மானம் கழிப்போம் என்றார். அது விதிதான், ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் 50 சதவீதம், கண்ணாடிக்குக் கழிப்பதில்லை. ஆனால் புது பாகமே கிடைக்காத காருக்கு எந்த விலையிலிருந்து 30 சதவீதத்தைக் கழிப்பது என்பதில் இரண்டு பேருக்கும் பேச்சு நீண்டது. ஐந்து வருஷத்துக்கு மேலான காரின் மதிப்பை நாமும் இன்சூரன்ஸ் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. அடுத்த வருஷம் பாலிசியைப் புதுப்பிக்கும்போது படங்கள், செலவு பில்கள், விற்பனை விலைகள் எல்லாம் ஒரு ஃபைலாக வைத்துப் பேசினேன், மதிப்பு கணிசமாக ஏறியது.

பெயின்ட் கடைக்கு மறுபடி போக மனசில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக் காசிமேடு போயிருந்தேன். ஏலம் முடிந்து, துறைமுகத்தின் ஒரு ஓரத்தில் ஃபைபர் படகு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மூக்கை இரண்டு பேர் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அப்படியே நின்றுவிட்டேன். என் காரில் உடைந்திருப்பதும் அதே சரக்கு, அதே இடம், அடிபட்ட விதமும் அதே. அவர்களில் பெரியவரிடம் போனில் படத்தைக் காட்டினேன். பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, "படகு டெய்லி மோதுது தம்பி, இது ஒரு நாள்தானே மோதிருக்குது" என்றார். பிறகு தென்னை மட்டை விழுந்த பானட்டைக் காட்டி, இரண்டு தடவை பெயின்ட் அடித்தும் கோடு வருகிறது என்றேன். "மேல பூசி மறைச்சா நிக்காது. உள்ளாற நாரு உட்டுப் போயிருக்கும். உள்ள இருந்துதான் கட்டணும்."

அவர் அடுத்த வாரமே வீட்டுக்கு வந்தார், வேலையைத் தொடங்க மறுத்துவிட்டார். ஈரம். பம்பரின் உள்பக்கத்தில் ஒரு ஜாண் அளவு தெளிவான பாலிதீன் காகிதத்தை ஒட்டி, நாலு பக்கமும் டேப் போட்டு, "காலைல பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். காலையில் காகிதத்தின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். விரிசல் வழியாக நாருக்குள் தண்ணீர் ஊறியிருக்கிறது. அந்த ஈரத்தின் மேல் ரெசின், அதாவது நாரை இறுக்கிப் பிடிக்கும் பசை, போட்டால் பிடிக்காது. 200 வாட்ஸ் குண்டு பல்பை ஒரு அடி தூரத்தில் தொங்கவிட்டு, பகலில் வெயிலுக்குத் திருப்பி, தினமும் ராத்திரி காகிதம் ஒட்டிப் பார்த்தேன். டிசம்பர் முழுக்க முத்து வந்தது. பொங்கல் கழிந்துதான் ஒரு காலை காகிதம் உலர்ந்திருந்தது. போன் செய்தேன், அன்றைக்கே வந்தார்.

வேலை நடந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி இதுதான். முதலில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து, விரிசலிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் டக் டக் என்று கணீரென்று வரும், நார் விட்டுப்போன இடத்தில் பொத் பொத் என்று அமுங்கிய சத்தம் வரும். சத்தம் மாறுகிற இடத்தில் பென்சிலால் புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தபோது, கண்ணுக்குத் தெரிந்த விரிசலைவிட இரண்டு மடங்கு பெரிய ஒரு வட்டம் வந்தது. பானட்டிலும் அப்படியே, நாணயம் அளவு நட்சத்திரத்துக்கு உள்ளே ஒரு தட்டு அளவு செத்த இடம். பெயின்ட் கடையில் இதைத் தட்டிப் பார்க்கவே இல்லை.

பிறகு உள்பக்கம் முழுக்க சொரசொரப்பாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்தார். கண்ணாடி நார்த் தூசி பட்டால் அரிப்பு தாங்காது. மாஸ்க், முழுக்கைச் சட்டை, கண்ணாடி மூன்றும் கட்டாயம், பிறகு பச்சைத்தண்ணீரில்தான் கழுவ வேண்டும். மேட் என்பது கண்ணாடி நாரை வெட்டிப் பரப்பிய வெள்ளைத் துணி மாதிரி இருக்கும், எடையை வைத்து 300, 450 என்று கேட்டு வாங்க வேண்டும், ஒரு சதுர மீட்டருக்கு அத்தனை கிராம். 450 மேட்டில் மூன்று துண்டு, ஒன்றைவிட ஒன்று ஒரு விரல் அகலம் பெரிசாகக் கிழித்துக்கொண்டார். கத்தரிக்கோலால் வெட்டவில்லை, கையால் கிழித்தால் ஓரம் பிசிறாக இருந்து பழையதோடு கலந்துவிடும், வெட்டிய ஓரம் மேடாக நிற்கும்.

ரெசின் கலக்கும்போது மட்டும் யாரையும் பேசவிடவில்லை. முதலில் ரெசினில் கோபால்ட், அதாவது ஆக்சிலரேட்டர், சொட்டுச் சொட்டாக விட்டு நன்றாகக் கலக்கி, அந்த ஊதா நிறம் முழுக்கப் பரவிய பிறகுதான் கேட்டலிஸ்ட், அதாவது ரெசினை இறுக வைக்கும் திரவம். இந்த இரண்டையும் நேராக ஒன்றோடு ஒன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே விடமாட்டார், ஒன்று வாசலில், ஒன்று மாடிப்படியில். கேட்டலிஸ்ட் நூறு கிராம் ரெசினுக்கு ஒன்றரை மில்லி, சிரிஞ்சில் அளந்து. வெயில் ஏற ஏற அதையும் குறைத்தார். ஒரு தடவை கலந்தால் கால் மணி நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகவே கலந்தார்.

பூசின இடத்தில் மேட்டை வைத்துத் தூரிகையால் குத்திக் குத்தி நனைக்கும்போது ஒரு அழகு உண்டு. வெள்ளையாக இருந்த நார் ரெசினைக் குடிக்கக் குடிக்கக் கண்ணாடி மாதிரித் தெளிந்து, அடியில் பென்சிலால் போட்ட புள்ளிகள் தெரிய ஆரம்பிக்கும். வெள்ளையாக நிற்கிற இடமெல்லாம் காற்று. சின்ன உருளையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி அந்தக் காற்றை வெளியேற்றினார். மூன்றாவது துண்டை என்னிடம் கொடுத்துப் போடச் சொன்னார். ஒரு மூலையில் கொட்டைப்பாக்கு அளவு வெள்ளை நின்றதை நான் கவனிக்கவில்லை, அவர் விரலால் காட்டிவிட்டு, "இங்கதான் நாளைக்கித் தண்ணி உக்காரும்" என்றார்.

உள்பக்கம் இறுகிய பிறகுதான் வெளிப்பக்கம். ஒவ்வொரு கோட்டையும் பெயின்ட், ஜெல்கோட் தாண்டி நார் வரைக்கும் வி வடிவத்தில் சுரண்டி, நிரப்பி, 80, 120, 220, 400 என்று உப்புத்தாள் மாற்றி மாற்றித் தேய்த்தோம். பெயின்ட்டுக்கு முன் ஒரு வாரம் சும்மா விடச் சொன்னார், ரெசின் முழுசாக இறுகும்போது கொஞ்சம் சுருங்கும், அவசரப்பட்டால் பட்டி இருந்த இடம் பள்ளமாகத் தெரியும். இது 2024 ஜனவரிக் கடைசி. இன்று வரை ஒரு கோடும் திரும்பி வரவில்லை, பானட்டிலும்தான்.

வேலை முடிந்த அன்று டீ குடித்துக்கொண்டே, கார் ஏன் மிதந்தது என்று அவரிடம் கேட்டேன். அவர் கதவைத் திறந்து தரையைப் பார்த்தார், பீடிங்கை விரலால் அமுக்கினார். "எங்க தண்ணி போவ வழி? படகு மாரி கட்டி வெச்சிருக்குற, மெதக்காம இன்னா பண்ணும்." படகிலாவது அடியில் தண்ணீர் வடிக்க ஒரு மூடி உண்டு, இதில் அதுவும் இல்லை என்றார். அடுத்த முறை வரும்போது படகுக்குப் போடும் திருகு மூடிகள் நாலு கொண்டுவந்தார். டிரைவர் காலடியில் இரண்டு, பக்கத்து சீட் காலடியில் இரண்டு, தரை மிகத் தாழ்ந்திருக்கும் இடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துத் துளை போட்டார். துளையின் ஓரத்தை ரெசினால் மூடி, சீலன்ட் வைத்து மூடியின் வளையத்தை உட்கார வைத்தார். உள்ளே உட்கார்ந்தே கையால் திருகித் திறக்கலாம்.

இதைப் படித்ததும் சிலருக்குத் தயக்கம் வரும், காருக்குள் வேண்டுமென்றே வெள்ளத்தை விடுவதா என்று. நானும் ஒரு வாரம் யோசித்தேன். என் கணக்கு இதுதான். சீட்டுக்கு நாலு போல்ட், இரண்டு சீட்டையும் கழற்றி மாடிக்கு ஏற்ற இருபது நிமிஷம், கார்ப்பெட்டைச் சுருட்ட ஐந்து நிமிஷம். வெறும் தரை நனைந்தால் கழுவித் துடைத்துவிடலாம். மிதந்து போய் இடித்தால் இரண்டு மாசம், அதிர்ஷ்டம் இருந்தால். இன்னொரு மனிதர் மேலோ பக்கத்து வீட்டுச் சுவர் மேலோ போய் இடித்தால் அதைவிட மோசம். உள்ளே தாழ்வாக வயரிங் பெட்டியோ கம்ப்யூட்டரோ இருக்கிற புதுக் கார்களில் இதைச் செய்யாதீர்கள், இது என் காருக்குச் சரி.

ஆனால் இதெல்லாம் கடைசிக் கட்டம். முதல் கட்டம், காரை மேட்டுக்குக் கொண்டுபோவதுதான். 2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தில் ஊரே காரைக் கொண்டுபோய் நிறுத்தியது, எல்லோரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் எங்கள் சிவப்புக் காரும் நின்றது. உறை போடவில்லை, பாலத்தின் மேல் காற்றுக்கு உறை கிழிந்து பறக்கும், பறக்காவிட்டாலும் தேய்க்கும். கூரையை நம்பி அப்படியே விட்டேன், உள்ளே மட்டும் ஒரு பழைய போர்வை விரித்து. பயந்த அளவுக்கு மழை வரவில்லை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது போர்வையில் ஒரு உள்ளங்கை ஈரம், இடதுபக்கம், கூரையும் கதவுக் கண்ணாடியும் சேரும் மூலை. செய்தித்தாள் பட்டை அங்கே வழுக்கியது. பீடிங்குக்கு ஆயுள் ஐந்து வருஷம் என்று குறித்துக்கொண்டேன்.

தென்னைக்கு வருகிறேன். அதே காசிமேட்டுக்காரர் மூலமாகக் கழித்துப் போட்ட இழுவலை ஒன்று கிடைத்தது. போர்டிகோவின் விளிம்பிலிருந்து நாலு ஜிஐ பைப் கால் ஊன்றிச் சட்டம் வெல்டு செய்து, அதன் மேல் வலையை இரண்டு மடிப்பாகக் கட்டியிருக்கிறேன். விறைப்பாகக் கட்டக்கூடாது. முதலில் கட்டில் நாடா மாதிரி இழுத்துக் கட்டினேன், காயைப் போட்டுப் பார்த்தால் எகிறிக் குதித்துத் தெருவுக்குப் போகப் பார்த்தது. அரை அடி தொய்வு விட்டுக் கட்டிய பிறகு காய் விழுந்தால் வலை ஏந்திக்கொண்டு அப்படியே நடுவில் உருட்டி வைத்துக்கொள்கிறது. வலைக்கும் கார் கூரைக்கும் நடுவில் மூன்று அடி. தெருப் பையன்கள் அடிக்கும் பந்தும் இதில்தான் விழுகிறது, அவர்களே ஒட்டடைக்குச்சியால் எடுத்துக்கொள்வார்கள். வெயில் நூலை இற்றுப்போகச் செய்யும், வருஷத்துக்கு ஒரு முறை இழுத்துப் பார்த்து மாற்ற வேண்டும்.

தீபாவளியன்று மட்டும் வலையையும் உறையையும் கழற்றிவிடுகிறேன், இரண்டுமே பொறி பட்டால் உருகும் சரக்கு. உருகிய உறை பெயின்ட்டில் ஒட்டிக்கொண்டால் பெயின்ட்டோடுதான் வரும். பழைய நூல் போர்வைகள் இரண்டை நனைத்துப் பிழிந்து துணிக்கூரை மேல் விரித்து, பக்கெட் தண்ணீரோடு வாசலில் நானே உட்கார்ந்துவிடுவேன். போன வருஷம் ஒரு ராக்கெட் குச்சி போர்வை மேல் விழுந்து, உஸ்ஸென்று அணைந்தது. கறுப்பாக ஒரு வட்டம், போர்வையில் மட்டும்.

எலிக்கு நிறைய மருந்து சொல்வார்கள், அந்துருண்டை, புகையிலை, ஸ்பிரே எல்லாம் பார்த்துவிட்டேன். வாரம் இரண்டு தடவை வண்டியை எடுத்து ஓட்டுவதும், ராத்திரியில் பானட்டைத் திறந்து வைப்பதும்தான் வேலை செய்கிறது, எலிக்கு இருட்டும் மறைவும் வேண்டும். ஈசிஆர் போய்வந்தால் அன்றைக்கே அடிப்பாகத்தில் தண்ணீர் பீய்ச்சிவிடுவேன். ஃபைபர் துருப்பிடிக்காது, அடியில் இருக்கிற சஸ்பென்ஷன், போல்ட், பிரேக் பைப் எல்லாம் இரும்புதானே.

இந்த வருஷ மழைக்கு முன்னால் நாலு மூடியையும் சோதித்தேன். சீட்டைக் கழற்றி, தரையில் இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றி, மூடிகளைத் திருகித் திறந்து கடிகாரம் பார்த்தால், மூன்று மூடி ஒரு நிமிஷத்துக்குள் வடித்துவிட்டது. டிரைவர் பக்கம் பின் மூடி சொட்டுச் சொட்டாகவே வந்தது. கீழே படுத்துப் பார்த்தேன், துளைக்குள் வேப்பிலைக் காம்புகள் நாலைந்து குறுக்கே மாட்டிச் சேறு அடைத்திருந்தது. ஒரு சைக்கிள் கம்பியால் குத்தி எடுத்து, மறுபடி பக்கெட்டை ஊற்றினேன். நாற்பது விநாடி. துளைக்கு அடியில் ஒரு சின்ன வலைத்துண்டு வைத்துக் கட்டலாமா என்று படகுக்காரரிடம் கேட்டிருக்கிறேன், வலை வைத்தால் வலையிலேயே அடைக்கும், வாரம் ஒரு தடவை விரலை விட்டுப் பார் என்று சொல்லியிருக்கிறார்.